நகர்ந்தது 65 நிமிடம், நின்றது மூன்று மணி நேரம்: ஒரு கறிக்கோழிப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

குளித்தலைக்குப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்க்கும் ஒரு தம்பதி, கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் 62 கோழிகளைத் திருச்சிப் புறநகரில் உள்ள ஒரு பதப்படுத்தும் கூடத்துக்கு அனுப்பினார்கள். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். கத்தி வைப்பதற்கு முன்பே 11 கோழிகள் இறந்திருந்தன. மிஞ்சியவற்றில் பலவற்றுக்கு நெஞ்சிலும் இறக்கையிலும் இரத்தம் கட்டியிருந்தது. "நோய்க் கோழியைக் கொண்டுவந்துவிட்டீர்கள்" என்றார்கள் கூடத்தார். "வெயிலில் காக்கவைத்துக் கொன்றுவிட்டீர்கள்" என்றார் வளர்த்தவர். வாக்குவாதம் முற்றும் முன் இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: இறந்த கோழிகளை அறுத்துப் பார்த்துவிடலாம். அப்படித்தான் இந்தச் சம்பவம் என்னிடம் வந்தது.

பல்லடம் வட்டாரத்து ஒப்பந்தப் பண்ணைகளில் இந்தச் சிக்கல் வேறு விதமாகக் கையாளப்படுகிறது. கோழி எடைக்கு வந்ததும் நிறுவனத்தின் லாரி இரவில் வரும், பிடிப்பதற்குப் பழகிய ஆட்கள் வருவார்கள், கூண்டு அவர்களுடையது, வழித்தடம் அவர்களுக்குத் தெரியும். வீட்டளவில் அறுபது, எழுபது கோழி வளர்ப்பவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. குஞ்சு வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சிகள் இருக்கின்றன. வளர்ந்த கோழியை எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாற்பது நாள் உழைப்பு ஒரே முற்பகலில் வீணாவதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்க நேர்வதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அன்று நடந்தது

முந்தைய பேட்ச்கள் எல்லாம் வீட்டு வாசலிலேயே உயிருடன் விற்றுப்போயின. இந்த முறை கேட்டவர்கள் திருச்சியில் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள். அவர்களுக்கு உரித்து, துண்டு போட்டு, குளிரவைத்துப் பையிலிட்ட கறி வேண்டும். வீட்டிலேயே அறுத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமம் குறித்த 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, நாளொன்றுக்கு 50 கோழி வரை அறுப்பவர் சிறு உணவு வணிகராகப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் நல்ல தண்ணீர், கழிவை அகற்றும் ஏற்பாடு, கறியைக் குளிரவைக்கும் வசதி ஆகிய மூன்றும் வேண்டும். இவர்களிடம் இருந்தது தண்ணீர் மட்டும். கூடத்தை நாடியது சரியான முடிவுதான்.

கோழிகளின் வயது 47 நாள், சராசரி எடை 2.6 கிலோ. "பத்து மணிக்கு மேல் கொண்டுவாருங்கள்" என்று கூடத்தில் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் ஆறு மணிக்கு வழக்கமான தீவனம் போடப்பட்டது. வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே. "போகிற நாளில் வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வரவில்லை சார்" என்றார் அந்த அம்மா. விருந்தாளியைக்கூடச் சாப்பிடாமல் அனுப்பாத வீட்டில் இது இயல்பு. எட்டரை மணிக்குப் பிறகு, நல்ல வெளிச்சத்தில், கொட்டகைக்குள் விரட்டிப் பிடித்தார்கள். கறிக்கடை ஒன்றிலிருந்து வாடகைக்கு எடுத்த நான்கு பிளாஸ்டிக் கூண்டுகளில் பதினாறு, பதினைந்து என்று அடைத்தார்கள். முதல் கூண்டு நிரம்பியபோது மணி 9:15. டாடா ஏஸ் புறப்பட்டபோது 10:10.

வண்டியின் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இரண்டு கூண்டு, அவற்றின்மேல் இரண்டு கூண்டு. வெயில் படக் கூடாது என்று தார்ப்பாயை மேலே விரித்து இரு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெட்டவாய்த்தலையில் தேநீருக்காக 20 நிமிடம் நின்றது. அப்போது எல்லாக் கோழிகளும் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன, ஆனால் உயிருடன் இருந்தன என்று ஓட்டுநர் உறுதியாகச் சொல்கிறார். 11:35க்குக் கூடத்தை அடைந்தார்கள். உள்ளே ஓர் உணவகத்தின் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி தகரக் கூரையின் கீழ் நின்றது. மதியம் பன்னிரண்டரைக்குத் தார்ப்பாயைத் தூக்கியபோது கீழ்க் கூண்டுகளில் சில கோழிகள் சாய்ந்து கிடந்தன. கூடத்து ஊழியர் ஒருவர் பதறிப்போய் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, தார்ப்பாயை மறுபடியும் மூடினார். 1:20க்கு இறக்கியபோது எண்ணிக்கை 11. கீழ்க் கூண்டுகளில் 8, மேல் கூண்டுகளில் 3.

இறந்த கோழிகள் இன்னும் சூடாகத்தானே இருக்கின்றன, கழுத்தை அறுத்துச் சேர்த்துவிடலாம் என்று அங்கிருந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். கூடத்தின் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். தானாக இறந்த கோழியில் இரத்தம் முழுமையாக வடியாது. அது விரைவில் கெடும். சட்டப்படியும் அது உணவாகாது. நட்டம் கண்ணெதிரே நிற்கும்போது அப்படி மறுப்பது எளிதில்லை. இந்தச் சம்பவத்தில் அவர் செய்த சரியான காரியம் இது, அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அறுத்துப் பார்த்ததில் தெரிந்தவை

திடீரென்று பல கோழிகள் இறந்தால் முதலில் நோய் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். வெயில் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டால், வெள்ளைக்கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ கண்ணுக்குத் தப்பி அடுத்த கொட்டகைக்குப் போய்விடும். இந்தக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தது. முந்தின நாள் வரை தீவனமும் தண்ணீரும் குறையாமல் எடுத்திருந்தன. அறுத்துப் பார்த்ததில் இரைப்பையின் முன்பகுதியான சுரப்பி இரைப்பையில் இரத்தப் புள்ளிகள் இல்லை, குடலில் புண் இல்லை, மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தது.

இருந்தவை வேறு. கொண்டை கருநீலமாகியிருந்தது. வாயிலும் மூக்கிலும் கொழகொழத்த நீர். நுரையீரலில் இரத்தத் தேக்கம். தோலை உரித்தபோது நெஞ்சுத் தசை அரைவேக்காட்டு நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. விரலால் அழுத்தினால் நீர் கசிந்தது. வெப்பத்தில் இறந்த கோழியின் அடையாளங்கள் இவை. ஒன்பது கோழிகளில் இவை ஒன்றுபோல் இருந்தன.

மற்ற இரண்டு வேறு கதை சொல்லின. வயிற்றைத் திறந்ததும் மஞ்சள் நிற நீர் வழிந்தது. இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தொய்ந்திருந்தது. வேகமாக எடை போடும் கறிக்கோழிக்கு வயிற்றில் நீர்கோக்கும் நோய் இது. இதயம் உடலின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் தளர்கிறது. இந்த இரண்டும் எந்தப் பயணத்தையும் தாங்கியிருக்காது. பிடிக்கும்போதே வயிற்றைத் தடவிப் பார்த்திருந்தால் நீர் தளும்புவது கைக்குத் தெரிந்திருக்கும். கூடத்தார் "நோய்" என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. தொற்றுநோய் எதுவும் இல்லை.

பதினொன்றிலும் தீனிப்பை, அதாவது கழுத்தடியில் தீவனம் தங்கும் பை, நிறைந்திருந்தது. அந்த அம்மாவிடம் இதைச் சொல்வது எனக்குக் கடினமாகவே இருந்தது. செரிமானம் நடக்கும்போது உடலில் வெப்பம் கூடுதலாக உண்டாகிறது. வெளியே தணிக்க வழியில்லாத வெப்பத்தோடு உள்ளேயும் வெப்பம் சேர்ந்துகொண்டது. உயிரோடு அறுக்கப்பட்ட கோழிகளிலும் இதன் விளைவு தெரிந்தது. நிறைந்த தீனிப்பை குடல் எடுக்கும்போது கிழிந்து, தீவனக் கூழ் இறைச்சியில் வழிந்திருக்கிறது. அதில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். ஒரு கோழியிலிருந்து வழிந்தது குளிர்நீர்த் தொட்டியில் எல்லாக் கோழிகளுக்கும் பரவும்.

அடுத்து இரத்தக் கட்டுகள். இவை யாரால் ஏற்பட்டவை என்பதுதான் சண்டையின் பாதி. கோழியின் உடலில் காயத்தின் நிறம் காலத்தைச் சொல்லும். அடிபட்ட சில நிமிடங்களில் சிவப்பு, அரை நாளுக்குள் கருஞ்சிவப்பும் ஊதாவும், ஒரு நாள் கடந்தால் பச்சை, பிறகு மஞ்சள். நெஞ்சிலும் இறக்கை மூட்டிலும் கண்டவை பெரும்பாலும் சிவப்பும் கருஞ்சிவப்பும். அதாவது அன்று காலைக்குப் பிறகு ஏற்பட்டவை: விரட்டிப் பிடித்ததிலும், ஒற்றைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கியதிலும், கூண்டின் வாய்க்குள் திணித்ததிலும். ஒரு கோழியின் தொடையில் பச்சைக் கட்டு இருந்தது. அது கொட்டகையிலேயே, குறைந்தது முந்தைய நாள் ஏற்பட்டது. அறுபது கோழி சுற்றிச்சுற்றி ஓடும் கொட்டகையில் தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பு போதும். வண்டி நின்ற நேரத்தில் கூடத்து ஆட்கள் கோழியைத் தொடவே இல்லை என்பதால் காயங்களுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

ஏன் கீழ்க் கூண்டு, ஏன் அந்த நேரம்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உடல் வெப்பம் இயல்பிலேயே 41 டிகிரிக்கு மேல். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை இறக்கையைச் சற்று விரித்து வெப்பத்தை வெளிவிடும். அது போதாதபோது வாயைத் திறந்து இரைத்து, மூச்சின் ஈரத்தை ஆவியாக்கித் தணித்துக்கொள்ளும். காற்று ஏற்கனவே ஈரமாக இருந்தால் மூச்சின் ஈரம் ஆவியாகாது. இரைப்பதில் தசைகள் உழைத்து இன்னும் சூடாகும். உடல் வெப்பம் 46, 47 டிகிரியை எட்டினால் மீள்வது அரிது.

இரண்டரைக் கிலோ கோழி சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஏறத்தாழ 20 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 62 கோழிக்கு 1,200 வாட்டுக்கு மேல். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றை முழுச் சூட்டில் வைத்துத் தார்ப்பாய்க்குள் மூன்று மணி நேரம் மூடிவைத்ததற்குச் சமம். ஓடும் வண்டியில் காற்று இந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். நின்ற வண்டியில் வெப்பமும் மூச்சின் ஈரமும் உள்ளேயே தங்கும்.

நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஏற்றும்போது 55 நிமிடம், தேநீருக்கு 20, கூடத்து வாசலில் 105. ஆக மூன்று மணி நேரம் நின்றே கழிந்தது. சாலையில் நகர்ந்தது 65 நிமிடம். வெயிலில் 40 கிலோமீட்டர் வந்ததால் கோழிகள் இறந்தன என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் அந்தக் காலையில் அவற்றுக்கு ஓரளவு காற்று கிடைத்தது அந்த 40 கிலோமீட்டரில்தான்.

டாடா ஏஸின் பக்கத் தகடு கிட்டத்தட்ட ஒரு கூண்டின் உயரம். கீழ்க் கூண்டுகளுக்கு இரு பக்கமும் தகடு, முன்னால் ஓட்டுநர் அறை, மேலே இன்னொரு கூண்டு, அதற்கும் மேலே தார்ப்பாய். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் காற்று ஏற்கனவே தேங்கும் இடம். பெரிய கோழி லாரிகளில் செய்த அளவீடுகளிலும் அதிக வெப்பம் பதிவானது முன்பகுதியில்தான். கீழ் இரண்டில் எட்டு, மேல் இரண்டில் மூன்று என்ற கணக்குக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அந்த இரண்டு வாளித் தண்ணீர் நல்லெண்ணத்தில் ஊற்றியது. காற்றோட்டம் இருக்கும் இடத்தில், மின்விசிறியின் எதிரே, தண்ணீர் தெளிப்பது உயிரைக் காக்கும். நனைத்துவிட்டு மூடினால் உள்ளே நீராவி அறைதான் உருவாகும். பன்னிரண்டரைக்குச் சாய்ந்து கிடந்தவை சில. 1:20க்கு அவை பதினொன்று.

இடநெருக்கடியையும் பார்க்க வேண்டும். கூண்டு 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், பரப்பு 5,400 சதுர செ.மீ. பதினாறு கோழிக்கு எடை 41 கிலோவுக்கு மேல். கிலோவுக்குச் சுமார் 130 சதுர செ.மீ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து ஒழுங்குமுறை, 1.6 முதல் 3 கிலோ வரையுள்ள கோழிக்குக் கிலோவுக்கு 160 சதுர செ.மீ. தரச் சொல்கிறது, வெப்பத்தைப் பொறுத்து இதை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. குளிர் நாட்டுக் கணக்கிலேயே இந்தக் கூண்டில் 13 கோழிக்கு மேல் கூடாது. கத்திரி வெயிலில் ஒன்பதுக்கு மேல் கூடாது என்பது என் கருத்து. இன்னும் மூன்று கூண்டு வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் வெப்ப விஷயத்தில் ஐரோப்பாவைவிடக் கண்டிப்பானது, படித்தவர்கள்தான் குறைவு. விலங்குகள் போக்குவரத்து விதிகளில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பகுதியின்படி, வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போனாலோ 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ கோழிகளைக் கொண்டுசெல்லக் கூடாது. வெயிலும் மழையும் நேரடிக் காற்றும் படக் கூடாது. வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தர வேண்டும். திருச்சியிலும் கரூரிலும் கோடையில் பின்னிரவிலும் 25 டிகிரிக்கு இறங்காத நாட்கள் பல. கரூர் பரமத்தியின் பெயர் ஒவ்வோர் ஆண்டும் வெப்பப் பட்டியலில் வருவதை நாம் செய்தியில் பார்க்கிறோம். எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் இந்த வட்டாரத்தில் மாதக்கணக்கில் கோழி வண்டியே ஓட முடியாது. அதனால் விதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 25 டிகிரியில் புறப்பட முடியாத ஊரில் ஒரு நாளின் மிகக் குளிர்ந்த மணி நேரத்தில் புறப்படுவதாவது நம் கையில் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் வரச் சொன்ன கூடமும், சரி என்று ஒப்புக்கொண்ட வீடும் அதைக் கைவிட்டன. பொறுப்பை நான் இருவருக்கும் பகிர்ந்தே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த பேட்ச்

அடுத்த பேட்ச் ஆடிக் கடைசியில் முடிந்தது. 58 கோழிகள், 40 நாள் வயது, சராசரி 2.2 கிலோ. எடை இன்னும் ஏறட்டும் என்று காத்திருக்கவில்லை. கனத்த கோழிக்கு வெப்பமும் இதயச் சுமையும் சேர்ந்தே கூடுகின்றன. இந்த முறை திட்டத்தைக் கூடத்தின் கத்தியிலிருந்து பின்னோக்கிப் போட்டோம். காலை ஆறு மணிக்கு முதல் கோழி என்று கூடம் எழுத்தில் நேரம் கொடுத்தது. வளர்த்தவர் புறப்படும் முன் கைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். உள்ளே தாமதம் என்றால் கோழி கொட்டகையிலேயே இருக்கும்.

தீவனத் தட்டுகளை முந்தைய இரவு ஒன்பது மணிக்குத் தூக்கினார்கள். அறுக்கும் நேரத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் முன்பு தீவனத்தை நிறுத்துவதே சரியான இடைவெளி. குறைந்தால் தீனிப்பை நிறைந்திருக்கும். மிகவும் நீண்டால் குடல் மெலிந்து கிழியும், பித்தம் பரவும், எடையும் வீணே குறையும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. பிடிக்கும் நேரம் வரை இருக்க வேண்டும். தட்டைத் தூக்கியதும் விளக்கை அணைத்துவிடாமல் ஒரு மணி நேரம் எரியவிட்டார்கள். கோழி நடமாடித் தண்ணீர் குடித்தால்தான் தீனிப்பை இறங்கும். அந்த அம்மா நள்ளிரவில் நாலைந்து கோழிகளின் கழுத்தடியைத் தடவிப் பார்த்து, தீனிப்பை தளர்ந்துவிட்டதை உறுதி செய்துகொண்டார். பசித்த கோழி தரையில் பரப்பிய உமிக் கூளத்தைக் கொத்தும் என்பதால் ஈரமான கூளத்தையும் மாலையிலேயே அள்ளியிருந்தார்.

மூன்றே காலுக்குப் பிடித்தார்கள். பெரிய விளக்கு எதுவும் இல்லை. நீலத் தாள் சுற்றிய ஒரு சிறிய பல்பு மட்டும். மங்கிய நீல வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். ஓட்டமில்லை, கூச்சலில்லை. இரு கைகளாலும் இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து, நிமிர்ந்த நிலையிலேயே தூக்கி, கூண்டுக்குள் கால் தரையில் பட வைத்தார்கள். கால்களைக் கட்டி, பைக்கின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கோழி கொண்டுபோவதை அன்றாடம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிகையாகத் தோன்றலாம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. தேவையற்ற வலி தரும் விதத்தில் விலங்கைக் கொண்டுசெல்வது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், தலைகீழாகத் தொங்கும் கனத்த கோழிக்கு இடுப்பு மூட்டு நழுவுகிறது, வயிற்றின் உறுப்புகள் சரிந்து மூச்சுவிடவும் திணறுகிறது.

கூண்டுகள் ஆறு, கூண்டுக்குப் பத்தும் ஒன்பதும், எடை 22 கிலோவைத் தாண்டவில்லை. வாடகைக் கூண்டுகளில் முன்பு காய்ந்த எச்சம் ஒட்டியிருந்தது. இம்முறை அவற்றைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, வெயிலில் காயவைத்த பிறகே கொட்டகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். நோய் வீட்டுக்குள் வரும் வழிகளில் இதுவும் ஒன்று. வண்டியில் ஓட்டுநர் அறையிலிருந்து ஒரு முழம் இடைவெளி விட்டு, தரையில் மரச்சட்டங்கள் போட்டு, அவற்றின்மேல் கூண்டுகளை வைத்தார்கள். பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். இருட்டில் போவதால் தார்ப்பாய் தேவைப்படவில்லை. மழை வந்தால் மேலே மட்டும் விரிக்கச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

4:10க்குப் புறப்பட்டு, வழியில் எங்கும் நிற்காமல், 5:15க்குச் சேர்ந்தார்கள். கூடத்தில் தகரக் கூரையின் கீழ் தென்னங்கீற்று வேய்ந்து, பெரிய மின்விசிறி ஒன்றும் வைத்திருந்தார்கள். அந்தச் செலவை யாரும் கேட்காமலே அவர்கள் செய்தார்கள். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிந்தது.

இறப்பு இல்லை. ஒரு கோழிக்கு இறக்கை மூட்டு நழுவியிருந்தது. இரத்தக் கட்டு இரண்டு மூன்றில் மட்டும், அதுவும் சிறிய அளவில். தீனிப்பைகள் காலி, இரண்டில் கொஞ்சம் உமி இருந்தது. நெஞ்சுக் கறி இயல்பான இளஞ்சிவப்பில் இருந்தது, பையில் நீர் தேங்கவில்லை.

கோடையில் இறந்த பதினொன்றைக் கூடத்தார் திருப்பிக் கொடுத்தபோது, வாய்க்காலில் எறிந்துவிடலாம் என்ற யோசனை எழுந்தது. அந்தத் தண்ணீர் காவிரிப் பாசனத்தில் கலப்பது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்டாதபடி கல் வைத்துப் புதைக்கச் செய்தோம்.

சித்திரை, வைகாசியில் எடைக்கு வரும்படி இனிமேல் குஞ்சு இறக்குவதில்லை என்று தம்பதி முடிவு செய்திருக்கிறார்கள். மாசி பாதிக்குப் பிறகு குஞ்சு வாங்குவதில்லை. மறுபடியும் வைகாசிக் கடைசியில்தான். அந்த இடைவெளியில் கொட்டகையின் கூளத்தை வெளியேற்றி, தரைக்குச் சுண்ணாம்பு பூசி ஆறவிடுகிறார்கள். கூடமும் கோடை மாதங்களில் வீட்டுக் கோழிகளை ஏழு மணிக்கு மேல் ஏற்பதை நிறுத்திவிட்டது.